ஊர்வனப் பெட்டியில் பொடிப் பூச்சிகள்: எதை விரட்ட வேண்டும், எதை விட்டுவைக்கலாம்

பாம்போ பல்லியோ ஆமையோ வளர்க்கிறவர்கள் என்றாவது ஒருநாள், பெட்டிக்குள் தாங்கள் விடாத ஏதோ ஒன்று ஊர்வதைப் பார்ப்பார்கள். கண்ணாடியின் உள்பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் நகரும். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத் தூளைத் தூவியது போலக் கறுப்பாக ஏதோ கிடக்கும். மண்ணைக் கிளறினால் பொடிசாக எதுவோ துள்ளும். உடனே வரும் சந்தேகம் ஒன்றுதான்: மைட் எனப்படும், உண்ணிக்கு உறவான பொடி எட்டுக்காலி வந்துவிட்டதா? அடுத்த பத்து நிமிடத்தில், கரப்பானுக்கு வாங்கி வைத்த ஸ்பிரேயைக் கையில் எடுக்கிறவர்களும் உண்டு.

முதலில் அதைக் கீழே வையுங்கள். பெட்டியில் தென்படும் பொடிப் பூச்சிகளில் பெரும்பாலானவை உங்கள் பிராணியைத் திரும்பிக்கூடப் பார்க்காதவை. பூஞ்சையையும் மட்கையும் தின்றுகொண்டு தம் பாட்டுக்குக் கிடப்பவை. இரத்தம் குடிக்கிறவை சில வகைகள்தான். ஆனால் அவை வந்துவிட்டால் விளையாட்டில்லை, வாரக்கணக்கில் மெனக்கெட வேண்டியிருக்கும். ஆகவே முதல் வேலை, வந்திருப்பது யார் என்று கண்டுபிடிப்பது. மருந்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

ஊர்வனப் பெட்டி என்பதே சூடும் ஈரமும் சேர்ந்த இடம். அதில் மட்கும் மரக்கட்டை இருக்கிறது, உரித்துப்போட்ட சட்டை இருக்கிறது, எச்சம் இருக்கிறது, தின்னாமல் விட்ட இரை இருக்கிறது. இத்தனையும் இருந்தும் ஒரு பூச்சிகூட வரவில்லை என்றால்தான் ஆச்சரியப்பட வேண்டும். தேங்காய் நார்த்தூள் மூட்டையிலோ மரக்கட்டையின் வெடிப்பிலோ செடியின் வேரிலோ இரைப்பூச்சி டப்பாவிலோ முட்டைகளாக ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஆகவே பூச்சியைப் பார்த்ததும் நம் பராமரிப்பு சரியில்லையோ என்று குறுகிப்போக வேண்டியதில்லை.

எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

பூச்சி எப்படி இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் அதிகம் சொல்லும். அரை மில்லிமீட்டர் பூச்சியின் உருவத்தை வெறும் கண்ணால் பார்த்துவிட்டு இன்ன வகை என்று சொல்லிவிட முடியாது. போனில் எடுத்த மங்கலான படத்தை நாலு பேருக்கு அனுப்பினால் நாலு பதில் வரும். ஆனால் மண்ணிலும் ஈரக் கட்டையிலும் மட்டும் இருக்கிறதா, பிராணியின் உடம்பிலேயே இருக்கிறதா என்ற கேள்விக்கு நீங்களே பதில் கண்டுபிடிக்கலாம்.

வெள்ளை டிஷ்யூ தாளை லேசாக நனைத்து, பாம்பை அதன் வழியாக மெதுவாக நழுவ விடுங்கள். தலை முதல் வால் வரை ஒருமுறை போதும். பிறகு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ புள்ளிகள் ஒட்டியிருந்து, அவற்றில் ஒன்றிரண்டு நகர்ந்தால், விரலால் ஒன்றை நசுக்கிப் பாருங்கள். சிவப்பாகக் கோடு இழுத்தால் அது உங்கள் பாம்பின் இரத்தம்தான், வேறு சான்று தேவையில்லை. புள்ளி நகராமல், நசுக்கினால் பழுப்பாகத் தூளானால் அது மண்ணாக இருக்கலாம்.

இன்னொரு வழி செல்லோடேப். சந்தேகப்படும் பூச்சியின் மேல் ஒட்டி எடுத்து, வெள்ளைத் தாளில் ஒட்டிவிட்டுப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஆறு கால், நீளமான உடம்பு, தலையில் உணர்கொம்பு என்றால் அது மைட் இல்லை. எட்டுக் கால், உணர்கொம்பு இல்லாத உருண்டை உடம்பு என்றால் மைட் வகை. மைட்டின் முதல் பருவக் குஞ்சுக்கும் ஆறு கால்தான், ஆனால் அது அவ்வளவு சுலபமாகக் கண்ணில் படாது. கால்நடை மருத்துவரிடம் போக நேர்ந்தால் இந்த டேப்பையே எடுத்துப்போகலாம். பத்துப் படங்களைவிட அது உபயோகமானது.

தண்ணீர்க் கிண்ணத்தையும் பாருங்கள். இரத்தம் குடிக்கும் மைட் உள்ள பாம்பு தண்ணீரில் போய்ப் படுத்துக்கொள்ளும், அப்போது மைட்டுகள் மூழ்கிச் செத்து அடியில் கறுப்புப் பொடியாகத் தங்கும். ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும்: பாம்பு தண்ணீரில் ஊறுவது மட்டுமே மைட்டுக்கு அடையாளம் ஆகாது. பெட்டி அளவுக்கு மீறிச் சூடாக இருந்தாலும், காற்று வறண்டிருந்தாலும், சட்டை உரிக்கும் நாள் நெருங்கினாலும் பாம்பு ஊறும். ஊறுவதோடு கிண்ணத்தில் பொடியும் கிடந்தால்தான் கவலை.

விட்டுவைக்கலாம் என்ற பட்டியலில் யார் யார்

வெள்ளையாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், தொட்டால் துள்ளுவது ஸ்பிரிங்டெயில். வயிற்றுக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் ஒரு முள்கவையைத் தரையில் அடித்துத் துள்ளுகிறது. பூஞ்சையும் மட்கும் பொருளும்தான் அதன் சாப்பாடு. இதைக் காசு கொடுத்து வாங்கிப் பெட்டியில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மண், செடி, நுண்ணுயிர் எல்லாம் சேர்த்து இயற்கையைப் போலவே அமைக்கும் பெட்டிகளில் இதுவும் ஐசோபாட் எனப்படும் மரவட்டை போன்ற சிறு ஓட்டுயிரியும்தான் துப்புரவுப் பணியாளர்கள். இலவசமாக வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு விட்டுவிடுங்கள்.

புதிதாக மண் போட்டு ஈரம் தெளித்த இரண்டு மூன்று வாரத்தில் கட்டையின் மேல் வெள்ளைப் பஞ்சாகப் பூஞ்சை கிளம்பும். அதன் பின்னாலேயே வெள்ளையாக அல்லது இளம்பழுப்பாக மைட் கூட்டம் வரும். இவை பூஞ்சை தின்னும் மைட்டுகள். மெதுவாக நகரும், கட்டையின் ஈரமான பக்கத்தில் கும்பலாக இருக்கும், கண்ணாடியிலும் ஏறும். பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் பூஞ்சை தீர்ந்ததும் கூட்டமும் கரைந்துபோகும். அவசரமென்றால் அந்தக் கட்டையை வெளியே எடுத்துக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, நன்றாக உலர்த்தி உள்ளே வையுங்கள். காற்றோட்டத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். மருந்து அடித்தால் இவற்றோடு ஸ்பிரிங்டெயிலும் ஐசோபாட்டும் சாகும், பிறகு பூஞ்சையைத் தின்ன ஆளில்லாமல் அது இன்னும் கிளம்பும்.

இரைப்பூச்சி வளர்க்கும் டப்பாவில் வருவது தானிய மைட். தவிடு, மாவு, கேரட் துண்டு, ஈரம் இவை சேர்ந்த இடத்தில் ஒரு வாரத்தில் டப்பாவின் சுவரில் மாவு படிந்தது மாதிரி ஏறிவிடும். உணவு குறைந்தால் இவை ஒரு இடைப்பருவத்துக்கு மாறி, கிரிக்கெட், கரப்பான் போன்ற இரைப்பூச்சிகளின் உடம்பில் தொற்றிக்கொண்டு வேறிடம் போகும். இரையோடு பெட்டிக்குள்ளும் வந்து, சிலவேளை பல்லியின் மேலும் தெரியும். இவை இரத்தம் குடிப்பதில்லை. பல்லிக்குக் கெடுதலும் இல்லை. ஆனால் இரைப்பூச்சி வளர்ப்பு அழிந்துபோகக் கூடும். டப்பாவை வறட்சியாக வைத்து, ஈரக் காய்களை அன்றன்றைக்கு எடுத்துவிட்டால் அடங்கும். முற்றிவிட்டதென்றால் நல்ல பூச்சிகளை மட்டும் பொறுக்கிப் புது டப்பாவுக்கு மாற்றுவது மேல்.

சிறு கறுப்பு ஈ மாதிரி மண்ணின் மேல் தளர்ந்து பறப்பது பூஞ்சைக் கொசு. அதன் புழு ஈர மண்ணில் வளரும். கடிக்காது, ஆனால் உங்கள் காப்பி டம்ளரில் விழும். மண்ணின் மேற்பரப்பைக் காயவிடுங்கள், பாதி ஒழிந்துவிடும். மஞ்சள் நிற ஒட்டும் அட்டை வைப்பதாக இருந்தால் பெட்டிக்கு வெளியேதான் வைக்க வேண்டும், உள்ளே வேண்டவே வேண்டாம். பல்லி அதில் ஒட்டிக்கொண்டால், பிய்த்து எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். அப்படி நடந்துவிட்டால் இழுக்காமல், சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுங்கள்.

எச்சத்திலும் செத்த இரையிலும் மொய்க்கும் சிறு ஈக்கள் அழுக்கின் அடையாளம், அவ்வளவுதான். சுத்தம் செய்தால் போய்விடும். ஆமை வளர்ப்பவர்கள் மட்டும் இதை இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். உடம்பில் புண் இருந்தாலோ வால்பக்கம் எச்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலோ சில ஈக்கள் அங்கே முட்டையிட்டு, புழு சதைக்குள் இறங்கிவிடும்.

அப்புறம் ஒரு விஷயம். பூச்சி என்றாலே மைட்டைப் பற்றிப் பயப்படுகிறவர்கள், பல்லி தின்னாமல் விட்ட கிரிக்கெட்டை இரவெல்லாம் பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள். பசித்த கிரிக்கெட் தூங்கும் பல்லியின் கால்விரலையும் கண் ஓரத்தையும் கடிக்கும். பூஞ்சை மைட்டைவிட அதுதான் அபாயம்.

இரத்தம் குடிக்கும் அந்த ஒன்று

பாம்பு வளர்ப்பவர்கள் "மைட்" என்று கிசுகிசுப்பாகச் சொன்னால் அது பெரும்பாலும் ஓஃபியோனிஸ்ஸஸ் நேட்ரிசிஸ் என்ற இனத்தைத்தான் குறிக்கும். பாம்பு மைட் என்று சொல்லலாம், ஆனால் பல்லிகளின் மேலும் வரும். பசித்திருக்கும் பெண் மைட் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். வயிறு நிறையக் குடித்ததும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் உப்பி, கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ ஆகும். நம் கண்ணில் படுவது பெரும்பாலும் குடித்து உப்பியதுதான்.

செதிலுக்கும் செதிலுக்கும் இடையில் தலையை நுழைத்துக் கொண்டிருக்கும். தாடைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் மடிப்பு, கண்ணைச் சுற்றியுள்ள விளிம்பு, மலவாய், பல்லியானால் அக்குள் என மெல்லிய தோலும் மறைவும் உள்ள இடங்களில் தேடுங்கள். கண் ஓரம் லேசாக உப்பி, அங்கே ஒரு கறுப்புப் புள்ளி செருகியது மாதிரி தெரிந்தால் அது மைட்டின் பின்பக்கம். செதிலின் மேல் வெள்ளையாக, திருநீறு சிந்தியதாகத் தோன்றும் தூள் அதன் கழிவு. நிறம் கறுத்த பாம்பில் இந்த வெள்ளைத் தூள்தான் மைட்டைவிட முதலில் தெரியும்.

இதன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் வைத்தியம் தானாகப் புரிந்துவிடும். ஜோசப் கேமின் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதன் வாழ்க்கைச் சுழற்சியை விரிவாகக் கவனித்து 1953-ல் எழுதினார். ஐந்து பருவங்கள்: முட்டை, ஆறுகால் குஞ்சு, முதல் இளம்பருவம், இரண்டாம் இளம்பருவம், முதிர்ந்த மைட். இவற்றில் இரத்தம் குடிப்பது முதல் இளம்பருவமும் முதிர்ந்ததும் மட்டுமே. குஞ்சும் இரண்டாம் இளம்பருவமும் எதுவுமே தின்பதில்லை. முட்டையைப் பாம்பின் மேல் இடுவதில்லை. வயிறு நிறைந்த பெண் பாம்பை விட்டிறங்கி, இருட்டான, ஈரமான ஒரு இடுக்கைத் தேடிப் போகும். பெட்டியின் மூலை, மூடியின் விளிம்பு, காற்றுத்துளை, திருகாணியின் தலை, மரக்கட்டையின் வெடிப்பு என எதுவும் அதற்குப் போதும். அங்கே முட்டையிட்டுவிட்டு மறுபடி இரத்தம் குடிக்க வரும். ஒரு பெண் மைட் தன் ஆயுளில் 60 முதல் 80 முட்டை வரை இடும்.

ஆக, எந்த நேரத்தில் பார்த்தாலும் பாம்பின் மேல் இருப்பது கூட்டத்தின் ஒரு பகுதிதான். மீதி பெட்டியில் இருக்கிறது. பாம்பைக் குளிப்பாட்டி, துடைத்து, பூரண சுத்தமாக்கி அதே பெட்டியில் விட்டால் இரண்டு நாளில் பழையபடி ஆகிவிடுவது இதனால்தான்.

25 முதல் 30 டிகிரி செல்சியஸ் சூட்டில், முட்டையிலிருந்து முதிர்ந்த மைட்டாக ஏறத்தாழ இரண்டு வாரம் போதும். முதிர்ந்தது சுமார் 40 நாள் வரை வாழும். இரத்தம் கிடைக்காத முதல் இளம்பருவம்கூட இரண்டு மூன்று வாரம் பட்டினி தாங்கும். இன்னும் ஒன்று கேளுங்கள்: ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும், அவை எல்லாம் ஆணாகப் பொரிக்கும். அந்த ஆண்களோடே சேர்ந்து அது அடுத்த தலைமுறையை உண்டாக்கும். கடையிலிருந்து உங்கள் சட்டைக் கையில் ஒரே ஒரு மைட் வந்தாலும் போதும்.

பாம்புக்கு என்ன ஆகும்? கொஞ்சம் இருந்தால் அரிப்பும் எரிச்சலும். கட்டையில் உடம்பைத் தேய்க்கும், இரை எடுக்காது, சட்டை துண்டு துண்டாக உரியும். நிறைய இருந்தால் இரத்தசோகை. குட்டிப் பாம்புகள் இதிலேயே செத்துப்போகும். வாயைத் திறந்து பார்த்தால் உள்பக்கம் இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறியிருக்கும், அந்த நிலையில் வீட்டு முயற்சிக்கு நேரமில்லை. ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாவை ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்கு இது கடத்தும். மலைப்பாம்பு, போவா இனங்களைக் கொல்லும் ஒரு வைரஸ் நோயைப் பரப்புவதிலும் இதற்குப் பங்கு இருக்கலாம் என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு உண்டு. மனிதர்களையும் சிலவேளை கடிக்கும். கையில் அரிக்கும் சிறு தடிப்புகள் வரும், ஆனால் நம் உடம்பில் அது குடியிருக்க முடியாது.

சுத்தம் செய்வது: பிராணி, பெட்டி, நாள்காட்டி

முதல் நாள் வேலை பெரியது. பாம்பை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். அடியில் வெள்ளைத் தாள், ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, தண்ணீர் வைக்க வழுவழுப்பான கிண்ணம். அவ்வளவுதான். அழகு பார்க்கும் நேரம் இதுவல்ல. வெள்ளைத் தாளில் மைட் இருந்தால் தெரியும், அட்டைப்பெட்டியைத் தினமும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைக்கலாம்.

உடம்பில் உள்ளதைக் குறைக்க வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைப்பது உதவும். 28, 30 டிகிரி அளவுச் சூடு, பாம்பின் உடம்புத் தடிமன் அளவு ஆழம், அரை மணி நேரம், பக்கத்திலேயே நீங்கள். நீங்கள் அந்தப் பக்கம் போனால் பாம்பு களைத்து மூழ்கக்கூடும். தண்ணீர் ஏற ஏற மைட்டுகள் தலைப்பக்கம் ஓடும், அதனால் ஊறவைப்பது மட்டும் தீர்வாகாது. முடிவில் ஈரத்துணியால் தலையையும் தாடை மடிப்பையும் கண் ஓரத்தையும் மெதுவாகத் துடைத்துவிடுங்கள்.

பழைய பெட்டியில் இருந்த மண், இலை, மரத்தூள் எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி அன்றே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். மரக்கட்டையைக் காப்பாற்ற முயல்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. வெடிப்பு அதிகம் உள்ள கட்டையாக இருந்தால் தூக்கிப் போடுவதே நிம்மதி. ஆசைப்பட்டு வாங்கிய கட்டை என்றால் கொதிநீரில் நன்றாக அமிழ்த்தி எடுக்கலாம், ஃப்ரீசரில் கொள்ளுமானால் சில நாள் வைக்கலாம். 50 டிகிரிக்கு மேற்பட்ட சூடும், உறைநிலைக் குளிரும் இந்த மைட்டைக் கொல்லும். ஆனால் கட்டையின் நடுப்பகுதி வரைக்கும் அந்தச் சூடோ குளிரோ போய்ச் சேர வேண்டும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியைச் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். மூலைகளையும் மூடியின் தடத்தையும் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். பெட்டியைச் சுற்றியுள்ள அலமாரி, தரை, கம்பிகளையும் வேக்குவம் போட்டு எடுத்து, அந்தப் பையையும் உடனே வெளியே போடுங்கள். மண்ணும் செடியுமாகப் பார்த்துப் பார்த்து அமைத்த பெட்டியைக் கலைப்பது வயிற்றெரிச்சல்தான். வேறு வழியில்லை, மைட் வந்த இயற்கைப் பெட்டியைக் கலைக்காமல் சரிசெய்வது அபூர்வம்.

மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிராணி சாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஃபிப்ரோனில் என்பது நாய், பூனை உண்ணிகளுக்கான ஸ்பிரேயில் உள்ள மருந்து. ஊர்வன மருத்துவர்கள் இதைப் பாம்புக்கும் உபயோகிப்பார்கள், ஆனால் பாம்பின் மேல் பீய்ச்சுவதில்லை. துணியில் தெளித்து, அந்தத் துணியால் உடம்பைத் துடைத்து, குறிப்பிட்ட நேரம் கழித்துக் கழுவிவிடுவார்கள். அந்த ஸ்பிரேயில் ஆல்கஹால் இருப்பதால் குட்டிகளுக்கும் சிறு பல்லிகளுக்கும் கெடுதல் வரலாம். வீட்டில் முயல் இருந்தால் அதன் பக்கம் இந்த மருந்தே போகக்கூடாது, முயலுக்கு அது நஞ்சு.

பெர்மெத்ரின் என்பது பெட்டிக்கான மருந்து. ஊர்வனப் பெட்டிக்கென்றே செறிவு குறைத்துத் தயாரித்தவை இருக்கின்றன. பிராணியையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் வெளியே எடுத்துவிட்டு, அடித்தளத்திலும் மூலைகளிலும் தெளித்து, முழுக்கக் காய்ந்து வாடை போன பிறகுதான் பிராணியை விட வேண்டும். ஈரமாக இருக்கும்போது விட்டால் நடுக்கம், புரளல், வலிப்பு எல்லாம் வரும். பூனைக்கும் மீனுக்கும் இது நஞ்சு. ஒரே அறையில் மீன்தொட்டி இருந்தால் வேறு அறையில் வைத்துச் செய்யுங்கள். தோட்டத்துக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் விற்கும் பெர்மெத்ரினைத் தண்ணீர் கலந்து அளவு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். செறிவும், அதில் கலந்திருக்கும் கரைப்பானும் வேறு.

ஐவர்மெக்டின் பற்றி ஒரே வரி மனதில் நிற்க வேண்டும்: ஆமைகளுக்கு ஒருபோதும் கூடாது. தரை ஆமைக்கும் கூடாது, நீர் ஆமைக்கும் கூடாது. நரம்பைத் தாக்கி, உடல் செயலிழந்து சாகும். இது 1983-லேயே கால்நடை மருத்துவ ஆய்விதழில் பதிவான விஷயம், இருந்தும் "உண்ணிக்கு நல்லது" என்று யாராவது சொல்லக் கேட்டு ஆமைக்கு ஊசி போட்டவர்கள் இருக்கிறார்கள். பாம்பு, பல்லிகளிலும் சில இனங்கள் இதைத் தாங்குவதில்லை. மருத்துவர் எடை பார்த்துக் கொடுத்தால் மட்டும், அவர் சொன்ன அளவில் மட்டும்.

வீட்டு வைத்தியங்களில் மண்ணெண்ணெய், நாப்தலீன் உருண்டை, கொசு ஸ்பிரே மூன்றையும் அறவே விடுங்கள். மூடிய பெட்டியில் இந்த ஆவி தங்கும், பாம்பு அதை மூச்சில் இழுக்கும். டைக்ளோர்வாஸ் தடவிய பூச்சிக்கொல்லிப் பட்டைகளைப் பெட்டிக்குள் தொங்கவிடுவது ஒரு காலத்தில் சர்வசாதாரணம். மைட் சாகும், பாம்பின் நரம்பும் பாதிக்கும். ஆலிவ் எண்ணெய் தடவும் பழக்கமும் உண்டு. எண்ணெய் மைட்டின் மூச்சை அடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் முட்டைகள் பெட்டியில் அல்லவா இருக்கின்றன. எண்ணெயில் வழுக்கும் பாம்பைத் தூக்கிக் கையாளும் பாடு வேறு.

இரசாயனமே வேண்டாம் என்றால் வேட்டை மைட்டுகள் உண்டு. கேலீட்டஸ் எரூடிட்டஸ் என்ற இனமும், ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் சிமிடஸ் என்ற இனமும் மற்ற மைட்டுகளைத் தின்று வாழ்பவை, பாம்பைத் தொடாது. ஆரம்பநிலையில், கூட்டம் பெருகுமுன் விட்டால் பலன் தரும். பெட்டியைத் தினமும் துடைத்துக்கொண்டும் மருந்து அடித்துக்கொண்டும் இவற்றை விடுவதில் அர்த்தமில்லை, இவையும் சேர்ந்து போய்விடும். இரத்தசோகை வந்த பாம்புக்கு இவ்வளவு மெதுவான வழி தாங்காது.

பிறகு நாள்காட்டி. முதல் நாள் சுத்தம் செய்ததும் மைட் கண்ணில் படாது. ஒரு வாரம் கழித்தும் படாது. இந்தச் சமயத்தில்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். பல மருந்துகள் முட்டையைக் கொல்வதில்லை. இடுக்கில் தப்பிய முட்டை பொரிந்து, குஞ்சு வளர்ந்து, இரத்தம் தேடி வரும்போது மருந்தின் வீரியம் போயிருக்கும். ஆகவே மருந்துத் தாளிலோ மருத்துவரோ சொன்ன இடைவெளியில் திரும்பச் செய்ய வேண்டும். கடைசி மைட்டைப் பார்த்த நாளிலிருந்து ஆறு வாரமாவது வெள்ளைத்தாள் பெட்டியிலேயே வைத்திருங்கள். முதிர்ந்த மைட் 40 நாள் வரை வாழும் என்று மேலே சொன்னேன், அந்தக் கணக்குதான் இது. நடுவில் ஒரு நாள் டிஷ்யூவில் ஒரே ஒரு புள்ளி நகர்ந்தாலும் அன்றிலிருந்து கணக்கு மறுபடி ஆரம்பம்.

மருந்து நடக்கும் காலத்தில் பெட்டியைக் கொஞ்சம் வறட்சியாக வைப்பது நல்லது. மைட்டின் குஞ்சுகளுக்கு ஈரம் இல்லாவிட்டால் தாங்காது. ஆனால் ஈரம் வேண்டும் இனத்தைக் காயப்போட்டால் சட்டை உரியாமல் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஈரப் பேப்பர் சுருட்டிவைத்த ஒரு டப்பாவை ஒளிவிடமாக வைத்து, அந்தப் பேப்பரைத் தினமும் மாற்றிவிடலாம்.

பல்லிக்கும் ஆமைக்கும்

பல்லிகளின் மேல் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மைட்டுகள் வேறு குடும்பம். இகுவானா போன்றவற்றில் ஹிர்ஸ்டியெல்லா, கெக்கோ பல்லிகளில் ஜெக்கோபியா என்ற பேரினங்கள் வரும். காதுத்துளை, கால்விரல் இடுக்கு, கழுத்து மடிப்பு ஆகியவை இவற்றுக்குப் பிடித்த இடங்கள். நிறம் பளிச்சென்று இருப்பதால் பாம்பு மைட்டைவிடச் சீக்கிரம் தெரியும். சிகிச்சை முறை ஏறத்தாழ அதேதான், மருந்தின் அளவுதான் மாறும். பல்லி சிறியது, தோல் மெல்லியது, தானாக நக்கவும் செய்யும்.

ஆமையிலும் உடும்பு இனங்களிலும் உண்ணி வரும். இது மைட்டைவிடப் பெரியது, கண்ணுக்கு நன்றாகத் தெரியும், கழுத்து மடிப்பிலும் ஓட்டின் விளிம்பிலும் கெட்டியாகக் கவ்வியிருக்கும். காட்டிலிருந்து பிடித்த பிராணிகளில் அதிகம். நுனி கூரான இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் பிடித்து, முறுக்காமல், நேராக, மெதுவாக இழுங்கள். வயிற்றைப் பிடித்து நசுக்கினால் அதற்குள் இருப்பது பிராணியின் உடம்புக்குள் போகும். எடுத்ததைச் சாராயத்தில் போட்டுவைத்தால் மருத்துவரிடம் காட்ட உதவும்.

வராமல் பார்த்துக்கொள்ள

மைட் வரும் முக்கிய வாசல் புதிதாக வாங்கும் பிராணி. புதிதாக வந்ததை வேறு அறையில், வெள்ளைத் தாள் போட்ட பெட்டியில், 60 முதல் 90 நாள் தனியாக வையுங்கள். ஆசை தாங்காமல் இரண்டு வாரத்தில் சேர்த்துவிடுகிறவர்கள்தான் அதிகம். பழைய பிராணிகளுக்கு முதலில் இரை கொடுத்து, சுத்தம் செய்து, கடைசியில்தான் புதியதிடம் போக வேண்டும். திரும்பி வரும்போது கையை முழங்கை வரை கழுவுங்கள், சட்டையையும் மாற்றுங்கள். இடுக்கி, கொக்கி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி.

கடைக்கோ கண்காட்சிக்கோ போய்ப் பாம்பைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால், வீட்டுக்கு வந்ததும் நேராக உங்கள் பெட்டிகளிடம் போகாதீர்கள். குளித்துவிட்டு, போட்டிருந்த துணியைச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டுப் போங்கள். அதே கடையில் இரைக்கு வாங்கிய எலியையும் மரத்தூளையும் பாம்புக் கூண்டுகளுக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருந்தார்களா என்றும் பாருங்கள். மைட் நன்றாகவே நடக்கும். ஒரு கூண்டிலிருந்து பக்கத்து மூட்டைக்குப் போக அதற்கு யாருடைய கையும் தேவையில்லை. உறைய வைத்த இரையை வாங்கினால் இந்த ஒரு கவலை குறையும்.

ஒன்றுக்கு மேல் பாம்பு இருக்கிற வீட்டில் ஒன்றில் மட்டும் மைட்டைப் பார்த்தால், பார்க்காத மற்றவற்றிலும் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, அறையில் உள்ள எல்லாப் பெட்டிகளையும் ஒரே நாளில் வெள்ளைத்தாளுக்கு மாற்றிவிடுங்கள்.